முற்றத்தில் கழற்றிய சக்கரம்

ஆயுத பூஜைக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. பூஜை முடிந்த மறுநாள், விஜயதசமி அன்று விடியற்காலை நாலரை மணிக்குக் குடியாத்தத்திலிருந்து கிளம்புகிறேன். போகிற இடம் அருணாசலப் பிரதேசத்தில் இருக்கும் தவாங். வண்டி, 2016இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக். கூட யாரும் வரவில்லை.

இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னதும் பலரும் கேட்ட முதல் கேள்வி, "லடாக் போகாமல் ஏன் அங்கே?" என்பதுதான். காரணம் எங்கள் அப்பா. அவர் எல்லைச் சாலைகள் அமைப்பின் கிரெஃப் படையில் வண்டி மெக்கானிக்காக இருந்தவர். 1983 முதல் 1986 வரை அவருக்கு வர்தக் பிராஜெக்ட்டில் வேலை. தேஜ்பூரிலிருந்து தவாங் வரை போகும் மலைச்சாலையைப் போட்டதும் பராமரிப்பதும் அவர்கள்தான். நான் பிறந்த செய்தி அவருக்குத் தந்தியாகப் போய்ச் சேர்ந்தது திராங்கில் இருந்த முகாமுக்கு. டெங்கா, பொம்டிலா, திராங், சேலா கணவாய் என்று அந்தச் சாலையில் வரும் பெயர்களை வேலூர், ஆம்பூர் என்பது மாதிரி சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். ஒருமுறையாவது அந்தச் சாலையில் என் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இருபது வருடமாக மனதில் இருந்தது.

எனக்குச் சொந்தமாகச் சின்ன ஆஃப்செட் அச்சகம். கல்யாணப் பத்திரிகைதான் முக்கியமான வேலை. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. ஐப்பசி முகூர்த்தத்துக்கான பத்திரிகைகளை முன்கூட்டியே அடித்துக் கொடுத்துவிட்டால், ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில் பதினெட்டு நாள் கிடைக்கும். கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். தீபாவளிக்கு முந்தின நாள் வீட்டில் இருப்பேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பதினெட்டு நாள்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தது.

முதலில் போட்ட திட்டத்தில் போகவும் வரவும் வண்டிதான். கணக்குப் போட்டபோது, போவதற்கே சுமார் 3,200 கிலோமீட்டர் வந்தது. திரும்பி வருவதையும் அதில் சேர்த்து, மலையில் மெதுவாகப் போகும் நாள்களையும் தங்கும் நாள்களையும் கழித்தால், சமவெளியில் தினமும் ஐநூறுக்கு மேல் ஓட்ட வேண்டும். தாளைப் பார்த்த அப்பா, "போறப்ப ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவாது. வீட்டு நெனப்புல திரும்பி வர்றப்பதான் அவசரப்படுவான்" என்றார். மூன்று வருடம் மலையிலிருந்து இறங்கி வந்த டிரைவர்களைப் பார்த்தவர் அவர். அதனால் கௌஹாத்தியிலிருந்து வண்டியை ரயிலில் பார்சல் போட்டுவிட்டு, காட்பாடியில் நிற்கும் ரயிலாகப் பார்த்து நானும் அதிலேயே வந்துவிடுவதாக மாற்றிக்கொண்டேன். பார்சலில் போட டேங்கில் பெட்ரோலைச் சுத்தமாக வடிக்க வேண்டும், வண்டியைச் சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்ட வேண்டும், ஆர்சி நகல் வேண்டும். அதற்கென்று கௌஹாத்தியில் ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறேன். முழுதாக ஓட்டித் திரும்பவில்லையே என்று நண்பர் ஒருவர் குறைபட்டார். எனக்கு அந்தக் குறை இல்லை. நான் பார்க்க வேண்டியது மலைச்சாலை. அதைச் சோர்வில்லாத கண்ணோடு பார்க்க வேண்டும்.

வழியை இப்படிப் போட்டிருக்கிறேன். பரதராமி வழியாகச் சித்தூர், திருப்பதி. நாயுடுபேட்டையில் தேசிய நெடுஞ்சாலை 16ஐப் பிடித்தால் நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர் என்று கரையோரமாகவே போய்க் கரக்பூர். கொல்கத்தாவுக்குள் நுழையவில்லை. கரக்பூரிலிருந்து பாங்குரா, ராணிகஞ்ச், ராம்பூர்ஹாட் வழியாக மேலே ஏறி, ஃபரக்கா அணையின் மேல் கங்கையைக் கடந்து, மால்டா, சிலிகுரி. அப்புறம் அசாம். ஒரு நாளைக்கு 450 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை, இருட்டிய பிறகு ஓட்டுவதே இல்லை. இந்த இரண்டும் என் மனைவியிடம் கொடுத்த உறுதி. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவில் பெரிய பங்கு பெட்ரோல்தான். மலையிலிருந்து கௌஹாத்திக்கு இறங்கி வருவதையும் சேர்த்து 3,700 கிலோமீட்டர், லிட்டருக்கு 35 என்றால் 106 லிட்டர். பதினோராயிரத்துக்குக் கிட்டே வரும்.

இருட்டுவதைப் பற்றி ஒரு விஷயத்தை என் மகளோடு உட்கார்ந்து வரைபடம் பார்க்கும்போதுதான் கவனித்தேன். ஆறாம் வகுப்பு படிக்கிறாள், தீர்க்கரேகை பாடம் நடக்கிறது. குடியாத்தம் ஏறக்குறைய 79 பாகையில் இருக்கிறது, தவாங் 92இல். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் 52 நிமிடம். கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். அக்டோபரில் இங்கே ஆறு மணிக்கு மறைகிற சூரியன் அங்கே ஐந்துக்கெல்லாம் போய்விடும். மலைக்குப் பின்னால் என்றால் இன்னும் சீக்கிரம். அதனால் வடகிழக்கில் காலை ஐந்தரைக்குக் கிளம்பி மாலை மூன்று மணிக்குள் தங்கும் இடத்தைப் பிடிப்பது என்று அட்டவணையைத் திருத்தினோம். என் மகள் ஒவ்வோர் ஊருக்கும் சூரியன் மறையும் நேரத்தைக் கணக்குப் போட்டு ஒரு அட்டையில் எழுதியிருக்கிறாள். அதை டேங்க் பையின் மேல் உறைக்குள் வைத்துக்கொண்டு போகப்போகிறேன்.

கரையோரச் சாலையில் கவலைப்பட வேண்டியது புயல். 2013இல் பைலின் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது, 2014இல் ஹுட்ஹுட் விசாகப்பட்டினத்தில். இரண்டுமே அக்டோபர் 12ஆம் தேதி. நான் அந்தக் கரையில் ஓட்டப்போவதும் அக்டோபரில்தான். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று வானிலை மையம் சொல்லிவிட்டால் எந்த ஊரில் இருக்கிறேனோ அங்கேயே அறை எடுத்து உட்கார்ந்துவிடுவேன். பதினெட்டு நாளில் ஒரு நாளைச் சும்மா விட்டுவைத்திருப்பது அதற்காக. இரண்டு நாளுக்கு மேல் போனால் தவாங்கில் தங்கும் நாளைக் குறைப்பேன், ஓட்டும் தூரத்தைக் கூட்ட மாட்டேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன். இந்த மூன்று மாதத்தில் எனக்கு உண்மையில் நடந்தது அங்கேதான்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னென்ன வாங்க வேண்டும் என்று பட்டியல் போட்டு அப்பாவிடம் காட்டினேன். ஜாக்கெட், பூட்ஸ், பை, போன் ஹோல்டர், கேமரா, சின்ன டென்ட் என்று அதில் இருபத்தேழு பொருள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். மடித்துத் திண்ணையில் வைத்தார். "பின்சக்கரம் பஞ்சர். சேலாவுக்குக் கீழ நிக்கற. என்ன பண்ணுவே?" என்றார். யாராவது வருவார்கள், லாரியை நிறுத்திக் கேட்பேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பின்சக்கரத்தில் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை இறக்கிவிட்டு, ஊசியை என் கையில் கொடுத்தார்.

என் வண்டிக்கு ஸ்போக்ஸ் சக்கரம், உள்ளே டியூப். டியூப்லெஸ் டயர் மாதிரி வெளியிலிருந்து ஊசி குத்தி அடைத்துவிட முடியாது. பத்து வருடம் ஓட்டியிருக்கிறேன், இரண்டு சக்கரத்தையும் ஒருநாள்கூட நான் கழற்றியதில்லை. பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனதோடு சரி. அன்று முற்றத்தில் ஆரம்பித்து முடிக்க எனக்கு இரண்டு மணி பத்து நிமிடம் ஆனது. முடித்துக் காற்று அடித்தால் நிற்கவில்லை. டயர் லீவரால் டியூபைக் கிள்ளியிருக்கிறேன். மறுபடியும் கழற்றினேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதே வேலை. அப்பா ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். கையை வைக்க மாட்டார், தப்பு செய்தால் மட்டும் வாயைத் திறப்பார். அவரிடம் கற்றுக்கொண்டதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன், டியூப் டயர் வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டாலும் பின்சக்கரத்தை வெளியே உருவும்போது மட்கார்டில் இடிக்கும். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டோ தட்டையான கல்லோ வைத்து உயர்த்திவிட்டால் இடிக்காது. பிரேக் ராடு, டார்க் ஆர்ம், அச்சு நட்டு என்று கழற்றுகிற வரிசைப்படியே ஒரு துணியை விரித்து இடமிருந்து வலமாக வைக்க வேண்டும். மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் ஒரு வாஷரும் விட்டுப்போகாது. டயரின் ஓரம் ரிம்மை விட்டு விலக மறுக்கும். அங்கேதான் பலரும் லீவரை வைத்து முரட்டுத்தனமாக நெம்புகிறார்கள். சோப்புத் தண்ணீர் தடவி, டயர் மேல் இரண்டு முழங்காலையும் வைத்து உடம்பின் எடையை இறக்கிச் சுற்றிச் சுற்றி அழுத்தினால் தானாக இறங்கும். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்து ஓரத்தை அந்தப் பள்ளத்துக்குள் தள்ளி வைத்தால்தான் இந்தப் பக்கத்தில் தளர்வு கிடைக்கும். இது தெரியாமல்தான் முதல் நாள் நான் வியர்வையில் குளித்தேன். டயரை மாட்டும்போது வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். டியூபில் ஒரு வாய்க் காற்று மட்டும் வைத்து உருண்டையாக்கிக்கொண்டு உள்ளே வைத்தால் லீவரில் மாட்டாது. பழைய டியூபைத் தூக்கி வைப்பதற்கு முன், எது குத்தியது என்று டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து முள்ளை எடுக்க வேண்டும். அதை மறந்தால் புது டியூபும் அதே இடத்தில் போகும்.

இன்னொன்றும் காட்டினார். ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்தால், ஆணி அங்கேயே நின்றால், சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். வண்டியில் இருக்கும்போதே டயரின் ஒரு ஓரத்தை மட்டும் இறக்கி, அந்த இடத்து டியூபை வெளியே இழுத்துப் பேட்ச் ஒட்டிவிடலாம். பனியில் விறைத்த கையோடு செய்யும்போது இருபது நிமிடம் மிச்சமாவது பெரிய விஷயம் என்றார்.

ஆறாவது ஞாயிறு நாற்பத்தைந்து நிமிடத்தில் முடித்தேன். அன்று இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது வெளியே 'உஸ்' என்று சத்தம் கேட்டது. மறுபடியும் காற்றை இறக்கிவிட்டிருக்கிறார். மழைத் தூறல் வேறு. முற்றத்து விளக்கை அணைத்துவிட்டு, "தலையில மாட்டற லைட்டு வாங்கி வச்சிருக்கியே, அத எடுத்துப் போட்டுக்க" என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனது. அச்சு நட்டை முறுக்கி முடித்தபோது, இந்தச் சக்கரம் இனி எங்கே நின்றாலும் என்னால் கழற்ற முடியும் என்ற நிம்மதி உடம்பிலேயே தெரிந்தது. தனியாகப் போகலாமா என்று உள்ளுக்குள் அதுவரை ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது நின்றது.

கேபிள் விஷயமும் இப்படித்தான். உபரி கிளட்ச் கேபிளை எல்லாரும் பையில் சுருட்டி வைப்பார்கள். அப்பா அதை வண்டியிலேயே மாட்டச் சொன்னார். ஓடுகிற கேபிளுக்குப் பக்கத்திலேயே, அதே வளைவுகளில், புதுக் கேபிளையும் இழுத்து இரண்டையும் டேப் போட்டுக் கட்டி, இரண்டு முனையையும் பாலிதீனில் சுற்றி வைத்தாயிற்று. ஒன்று அறுந்தால் முனையை மாற்றிக் கொக்கியில் போட்டால் போதும், பத்து நிமிட வேலை. டேங்கைத் தூக்க வேண்டாம். ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் அப்படியே செய்தோம். மற்றபடி பையில் போவது முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று டியூப், மூன்று லீவர், கைப்பம்பு, செயின் லாக், ஸ்பார்க் பிளக், ஹெட்லைட் பல்பு, ஃபியூஸ்கள், எம்-சீல், கட்டுக்கம்பி, கேபிள் டை. ஸ்பேனர்களை அந்த வண்டியில் இருக்கும் நட்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, பொருந்தியதை மட்டும் எடுத்தோம். பெட்டி முழுக்க இருந்தது ஒன்பதாகச் சுருங்கியது.

போன மாதம் செயின் செட், பிரேக் ஷூ, பேட், டயர் இரண்டும் புதிதாகப் போட்டேன். முன்பு வேறொரு ஊரில் சர்வீஸ் விட்ட இடத்தில் ஆயில் வடிக்கும் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி மரையைப் பாதி அரித்து வைத்திருந்தது இப்போதுதான் தெரிந்தது. வழியில் கசிந்திருந்தால் என்ஜினே போயிருக்கும். நல்லவேளை, கிளம்பும் முன் கண்ணில் பட்டது. புது மரை போட்டாயிற்று. கிளம்புவதற்கு ஆயிரம் கிலோமீட்டர் முன்பாகவே எல்லாப் புது உருப்படியையும் மாட்டிவிட வேண்டும் என்பது அப்பா பிடிவாதமாகச் சொல்லும் விதி. முந்தின நாள் மாட்டிய எதையும் நம்பி மலை ஏறக்கூடாது.

என் வண்டி கார்புரேட்டர் வண்டி. சேலா கணவாய் சுமார் 4,170 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். காற்று குறைந்து பெட்ரோல் மட்டும் அதே அளவு போவதால் வண்டி மூச்சுத்திணறும், பிளக்கில் கரி பிடிக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றலாமா என்று கேட்டேன். "ரெண்டு நாள் மலைக்காக ஜெட்டுல கை வெக்காத. ஏர் ஃபில்டர் புதுசாப் போடு. பிளக்கைக் கழற்றித் தொடை. முதல் கியர்ல மெதுவா ஏறு, அது ஏறும்" என்றார். இறங்குவதற்கும் ஒரு விதி சொன்னார். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போன டிப்பர்களைப் பள்ளத்திலிருந்து இழுத்தவர் சொல்வது, நான் மறுபேச்சுப் பேசவில்லை.

உயரம் உடம்புக்கும்தான். திராங் ஏறக்குறைய 1,500 மீட்டர், பொம்டிலா 2,400, தவாங் 3,000. ஒரே நாளில் தேஜ்பூரிலிருந்து ஓடிப்போய் மேலே நிற்க நினைக்கவில்லை. பொம்டிலாவில் ஒரு இரவு தங்குகிறேன். டாக்டரிடம் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, உயரமான இடத்தில் வரும் உடல்நலக் கோளாறைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை எனக்கு ஒத்துவருமா என்றும் கேட்டுக்கொண்டேன். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்டார். யார் சொன்னாலும் கடையில் நேராக வாங்கிப் போட்டுக்கொள்கிற மாத்திரை இல்லை அது.

ஆகஸ்ட் கடைசியில் முழுப் பாரத்தோடு ஒரு ஒத்திகை ஓட்டினேன். வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர் வானாய்வகம் தாண்டி ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலையில் ஒரு இரவு, போளூர் வழியாகத் திரும்புதல். மழை வருமென்று தெரிந்தேதான் கிளம்பினேன், வந்தது. வலதுபக்கப் பை சாய்ந்து சைலன்சரில் பட்டு மழை உறை உருகியிருந்தது. பையைப் பின்னால் தாங்க ஒரு கம்பிச் சட்டத்தை வெல்டிங் கடையில் பொருத்தி வந்தேன். எலாஸ்டிக் கயிறு குலுங்கலில் தளர்ந்துவிடுகிறது, அதனால் பக்கிள் வைத்த பட்டைக்கு மாறினேன். கையுறை இறுக்கமாக இருந்ததால் வலது மணிக்கட்டு மரத்துப்போனது. ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். இந்த மூன்றும் ஒடிசாவில் போய்த் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நீண்ட பயணம் போகிற யாராக இருந்தாலும், முழு மூட்டையோடு, மழையில், ஒரு மலை ஏறி இறங்கிவிட்டுக் கிளம்புங்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒத்திகையிலிருந்து திரும்பி மூட்டையைத் தராசில் வைத்தேன், 31 கிலோ. டென்ட், அடுப்பு, கேமரா ஸ்டாண்ட், இரண்டு ஜீன்ஸ் வெளியே போயின. மூன்று நாள் துணி, துவைத்து உடுத்திக்கொள்வது. இப்போது 17 கிலோ. அதில் அப்பாவின் கம்பளி மப்ளரும் இருக்கிறது. இரும்புப் பெட்டியிலிருந்து பாச்சை உருண்டை வாசனையோடு எடுத்துக் கொடுத்தார்.

காகித வேலை சுருக்கமாக. அருணாசலுக்குள் போக வெளிமாநிலத்தவருக்கு இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். 1873ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து வரும் நடைமுறை அது. இணையத்தில் விண்ணப்பித்துவிட்டேன். பாலுக்போங் சோதனைச் சாவடியில் காட்ட வேண்டும். இன்ஷூரன்ஸ் பயணத்தின் நடுவில் முடிவதாக இருந்தது, முன்கூட்டியே புதுப்பித்தேன். புகைச் சான்றிதழும் புதிது. எல்லாம் டிஜிலாக்கரிலும் இருக்கிறது, மூன்று செட் நகலாகவும் இருக்கிறது. அச்சகம் வைத்திருப்பவனுக்கு நகலுக்கா பஞ்சம். ரத்த வகை, வீட்டு எண், தம்பியின் எண், மருந்து விவரம் எல்லாம் அச்சிட்டு லேமினேட் செய்த ஒரு அட்டை ஜாக்கெட்டின் இடது பையில் போகும். என் மனைவியிடம் ஒவ்வோர் இரவும் நான் தங்கும் ஊரின் பெயர் எழுதிய தாள் இருக்கிறது. காலையில் கிளம்பும்போதும் மாலையில் சேர்ந்ததும் போன். ஏழு மணி வரை போன் வரவில்லை என்றால் யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்ந்து உட்கார்ந்து எழுதி வைத்தோம். அதை எழுதும்போது அவள் அழுதாள். "எழுதிட்டா தேவலாம்ங்க, தெரியாம இருக்கறதுதான் பயம்" என்று அப்புறம் அவளே சொன்னாள்.

நேற்று இரவு அப்பாவோடு உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை வழியைப் பார்த்தோம். அவர் இருந்த சாலை எவ்வளவோ மாறிவிட்டது. எப்போதும் மூடுபனியில் கிடந்த நெச்சிபு கணவாயின் கீழே 2023இல் 500 மீட்டர் சுரங்கம் வந்துவிட்டது. சேலாவிலும் 2024 மார்ச்சில் சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள். பனிக்காலத்தில் டோசர் என்ஜினுக்கு அடியில் தீ மூட்டிச் சூடாக்கி, பனியைத் தள்ளித் தள்ளி வழி திறந்த இடத்தை இப்போது சில நிமிடங்களில் உள்ளேயே கடந்துவிடலாம். அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை, சந்தோஷம்தான். நான் போகும்போது பழைய சாலையில் கணவாய் மேல் ஏறி ஏரியைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது சுரங்கத்தில் வருவதாகச் சொன்னேன். தலையாட்டினார்.

அப்புறம் வரைபடத்தில் அசாம் பக்கம் விரலை வைத்துத் தேடினார். என் வழி சிலிகுரியிலிருந்து பிரம்மபுத்திராவின் வடகரையோடே நேராகத் தேஜ்பூர் போய்விடுகிறது. ஆற்றைக் கடக்க வேண்டிய அவசியமே இல்லை. "கௌஹாத்தி வழியா நௌகாவ் வந்து போவ முடியுமா?" என்று கேட்டார். அவர் அசாமுக்குப் போன நாள்களில் தென்கரையில் இருக்கும் நௌகாவ் பக்கத்திலிருந்து நேராகத் தேஜ்பூர் போக படகுதான். தேஜ்பூர் பக்கத்தில் கலியாபோமோரா பாலத்தை அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள். விடுமுறைக்கு வரும்போதும் போகும்போதும் படகிலிருந்து தூண்களைப் பார்ப்பாராம். ஒவ்வொரு தடவையும் தண்ணீருக்கு மேல் இன்னும் ஒன்றிரண்டு நிற்குமாம். 1986இல் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பாலம் முடிந்தது 1987இல்.

கொஞ்சம் சுற்றுதான். ஆனாலும் வழியை மாற்றிக்கொண்டேன். என் மகள் சிவப்புப் பேனாவால் பாலத்தின் மேல் ஒரு வட்டம் போட்டாள். நடுவில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"பாலத்துல வண்டிய நிறுத்தக்கூடாது. மெதுவாப் போ, போதும்" என்றார்.